மாமியின் எண்ணெயும் தங்கச்சியின் முதுகும்

எங்கள் சொந்தக்காரர்களிடையே எனக்கு இப்போது ஒரு பெயர் இருக்கிறது. கம்பஸில் வருசக்கணக்காகக் கிடந்து படித்தது ஒருவருக்கும் ஞாபகமில்லை. இது மட்டும் எல்லாருக்கும் ஞாபகம். "மாமியை ஆஸ்பத்திரியில காட்டிக்குடுத்தவள்." கலியாண வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் பக்கத்து மேசையில் குசுகுசுக்கிறார்கள். ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றால் யாரோ ஒரு அன்ரி இன்னொரு அன்ரியின் விலாவில் இடித்து என்னைக் காட்டுகிறா.

சரி. காட்டிக்கொடுத்தேன்தான். நாளைக்கே அதே மாமி அதே எண்ணெய்ப் போத்தலோடு அதே கட்டிலடியில் நின்றாலும் திரும்பக் காட்டிக்கொடுப்பேன். இதைப் படித்துவிட்டு எனக்குப் போன் எடுத்துப் புத்தி சொல்ல நினைக்கிறவர்கள் கடைசி வரைக்கும் படித்துவிட்டு எடுங்கள். பாதியில் எடுத்தால் நான் தூக்கமாட்டேன்.

என் தங்கச்சிக்கு அப்போது ஒன்பது வயது. எனக்கும் அவளுக்கும் இடையில் அவ்வளவு வயது வித்தியாசம் இருப்பதால் பஸ்சில் போனால் என்னை அவளின் அம்மா என்று நினைத்துவிடுவார்கள். அவளும் வேண்டுமென்றே "அம்மா, ஐஸ்கிறீம்" என்பாள். அப்படிப்பட்ட பிறவி. பிறந்ததிலிருந்தே அவளுக்கு இரண்டு தொடையெலும்பும் உட்பக்கமாகத் திரும்பியிருந்தன. நடந்தால் இரண்டு கால் பெருவிரல்களும் ஒன்றையொன்று பார்த்துக் கதைப்பது போலிருக்கும். ஓடினால் விழுவாள். விழுந்ததும் எழும்பி, சிரித்தவன் யாரென்று தேடுவாள். சிரித்தவன் பிறகு சிரித்ததற்காகக் கவலைப்படுவான்.

கடைசியில் எலும்பு டொக்டர் சொன்னார்: முதலில் இடது தொடையெலும்பை வெட்டித் திருப்பி, தகடு வைத்துப் பொருத்துவோம்; அது பொருந்திய பிறகு வலது. தங்கச்சி தகட்டுக்குப் பயப்படவில்லை. கத்திக்கும் பயப்படவில்லை. அவளுக்குப் பயம் ஒன்றே ஒன்றுக்குத்தான்: நோ. ஒருமுறை கை முறிந்து அதை இழுத்துப் பொருத்தியபோது போட்ட சத்தம் எங்கள் ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு இன்னும் கதையாக இருக்கிறது. அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி என்றாலே அவள் கேட்கிற முதல் கேள்வி "நோகுமா?" என்பதுதான்.

மயக்க மருந்து கொடுக்கும் டொக்டரிடமும் அதையே கேட்டாள். அந்த டொக்டர் சிங்களப் பெண். இங்கே வேலைக்கு வந்து தமிழ் பழகியவர். துண்டு துண்டாகக் கதைப்பார், ஆனால் ஒரு துண்டும் வீணாகாது.

"நித்திரையில போடுவன், தெரியாது," என்றார். "முதுகில சின்ன ரியூப். நூல் மாதிரி. அதால மருந்து போகும். இடுப்புக்குக் கீழ நோ வராது."

"எழும்பின பிறகும் வராதோ?"

"எழும்பின பிறகும் வராது. ரியூப் இருக்கிற மட்டும்."

"அப்ப கால் சுகமாகும் வரைக்கும் ரியூப் இருக்கட்டும்."

"இல்ல. கூட நாள் வைக்க மாட்டன்."

"ஏன்?"

டொக்டருக்கு அந்த 'ஏன்' பிடித்துவிட்டது. கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எல்லாருக்கும் தோலில கிருமி இருக்கு. எனக்கு இருக்கு, உங்களுக்கு இருக்கு, அக்காவுக்கு இருக்கு. தோலுக்கு மேல இருந்தா பிரச்சினை இல்ல. ஆனா ரியூப் தோலைத் தாண்டி உள்ள போகுது. கிருமி அதைப் பிடிச்சு நடந்து போகும். கூட நாள் இருந்தா கூடத் தூரம் நடக்கும்."

"நடந்து போய்?" இது நான்.

"நிறையப் பேருக்கு ஒண்டும் வராது. சில பேருக்குத் தோல் சிவக்கும், கொஞ்சம் சீழ் வரும். ரியூப்பை எடுத்தா சுகம். மிச்சம் மிச்சம் அரிதா, உள்ளுக்கு, முள்ளந்தண்டுக்குக் கிட்டச் சீழ் கட்டும். கட்டினா காலில பெலன் போகலாம். அதுக்குத்தான் தாதி மிஸ்ஸிமார் ஒவ்வொரு நாளும் திரும்பத் திரும்பப் பார்க்கிறது." பிறகு எங்கள் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "வீட்டு ஆக்களுக்கு ஒரே வேலை. தொட வேணாம்."

காலை நேராக்க வந்த இடத்தில் கால் போகிற கதை. எவ்வளவு அரிதென்றாலும் அது என் காதுக்குள் கதிரை போட்டு உட்கார்ந்துவிட்டது. நான் படித்தது வணிக முகாமைத்துவம். உடம்பைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் 'தொட வேணாம்' என்றால் தொட வேணாம் என்று விளங்கிக்கொள்ள எந்தப் படிப்பும் தேவையில்லை.

ஒபரேசன் முடிந்து தங்கச்சி கண் விழித்தாள். காலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "நோகேல்ல," என்றாள், யாரோ தன்னை ஏமாற்றுகிறார்கள் என்கிற சந்தேகத்தோடு. கொஞ்ச நேரம் கழித்து, "உண்மையாவே நோகேல்ல." அதற்குப் பிறகு அவளைப் பிடிக்க ஏலாது. முதுகின் கீழ்ப்பகுதியில் கண்ணாடி மாதிரித் தெரிகிற பிளாஸ்டருக்கு அடியில் அந்தக் குழாய் தோலுக்குள் போனது. வெளியே வந்த பகுதியைத் தோள் வரைக்கும் ஒட்டிக் கொண்டுபோய் ஒரு சின்ன பம்ப்பில் கொழுவியிருந்தார்கள். அதை அவள் "என்ர பெட்டி" என்றாள். பெட்டி வேலை செய்கிறதா என்று பார்க்க வந்த மிஸ்ஸியிடமே, "மிஸ்ஸி, என்ர பெட்டிக்குப் பசிக்குதாம், எனக்கொரு ரோல்ஸ் வாங்கித் தாங்கோ," என்றாள்.

மிஸ்ஸிமார் பெட்டியைப் பார்ப்பார்கள், கால்விரலை ஆட்டச் சொல்வார்கள், பிறகு அவளைச் சரித்து அந்தக் கண்ணாடிப் பிளாஸ்டருக்குள்ளால் தோலைப் பார்ப்பார்கள். சிவப்பு இல்லை, ஈரம் இல்லை, ஓரம் கழலவில்லை. ஒவ்வொரு முறையும் அவர்களோடு நானும் குனிந்து பார்த்தேன்.

இனி எங்கள் சனத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களுக்கு நோயாளியைப் பார்ப்பதென்றால் கண்ணால் பார்ப்பதில்லை, கையால் பார்ப்பது. நெற்றியைத் தொடுவது, காலைப் பிடிப்பது, முதுகைத் தடவுவது. தொடாமல் போனால் வராத மாதிரி. பார்வையாளர் நேரத்துக்குக் கதவு திறந்தால் எங்கள் கோயில் ஆட்கள் பாதிப் பேர் உள்ளே வருவார்கள். கையில் பிஸ்கட், கையிடுக்கில் செவ்விளநீர், கண்ணில் தண்ணீர். நான் கட்டிலின் தலைமாட்டில் நின்றேன்.

"கை கழுவிட்டு வாங்கோ. முதுகைத் தொடப்படாது. கட்டிலில இருக்கப்படாது."

அப்பாவோடு கடலுக்குப் போகிற ஒரு அங்கிள் நின்ற இடத்திலேயே நின்றார். "மீன் பிடிச்ச கை எண்டு சொல்லுறியோ பிள்ளை?"

"மீன் பிடிச்ச கை, பேனை பிடிச்ச கை, செபமாலை பிடிச்ச கை, எல்லாத்தையும் கழுவுங்கோ அங்கிள். சவுக்காரம் அங்க கிடக்கு."

"கம்பஸுக்குப் போனதும் கொழுப்பு," என்று அவரின் மனைவி சொன்னா. சொல்லிவிட்டுக் கழுவினா. எனக்கு வேண்டியது அதுதான்.

பக்கத்துக் கட்டிலில் கை முறிந்த மகளோடு மூதூரிலிருந்து வந்த ஒரு உம்மா இருந்தா. நான் நிற்பதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருப்பா. "தங்கச்சிக்குக் காவலா நிக்கிறீங்களா, இல்ல துறைமுகத்துக்குக் காவலா நிக்கிறீங்களா மகள்? கப்பல் வந்தாலும் விடமாட்டீங்க போல," என்பா. அவவின் சொந்தக்காரர்கள் வந்தபோது அவவே கையைக் காட்டி, "முதல்ல அந்தப் பைப்படிக்குப் போங்க. இந்தப் புள்ளைக்கிட்டப் பேச்சு வாங்க ஏலாது," என்று அனுப்பினா.

அடுத்து மாமி வந்தா.

மாமி என்றால் அப்பாவின் அக்கா. குச்சவெளிப் பக்கம் கடற்கரையில் தனியாக இருந்து கருவாடு போடுகிறா. தங்கச்சி பிறந்து அம்மா படுக்கையில் கிடந்த காலம் முழுக்க மாமிதான் எங்கள் வீட்டில் நின்று அவளை வளர்த்தா. குழந்தையின் கால் திரும்பியிருப்பதை முதலில் கண்டதும் அவதான். அவவின் ஊர் மாதா கோயிலில் எரிகிற விளக்குக்குள் இருக்கும் தேங்காயெண்ணெயைப் போத்தலில் எடுத்து வந்து, காலையும் மாலையும் அந்தச் சின்னக் காலில் தேய்த்து, மெதுவாக வெளிப்பக்கம் திருப்புவா. வருசக்கணக்காகத் தேய்த்தா. கால் திரும்பவில்லை. இப்போது யாரோ ஒரு டொக்டர் ஒரு காலைப்பொழுதில் அதைத் திருப்பிவிட்டார். மாமிக்கு அது சந்தோசமா, அவமானமா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. இரண்டும் கலந்திருக்கும்.

கரையோர பஸ்சில் நெரிபட்டு வந்து, சேலைத்தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றா. கைப்பைக்குள் கைலேஞ்சியில் சுற்றிய போத்தல். எனக்குப் போத்தலின் மூடியைக் கண்டதுமே விளங்கிவிட்டது.

"கை கழுவினனீங்களோ மாமி?"

"கழுவினனான்டி. வாசலிலயே கழுவினனான். மணந்து பார்."

"எண்ணெய் வேணாம்."

"காலில போடேல்ல. நெத்தியில ஒரு சிலுவை மட்டும்."

"நெத்தியிலயும் வேணாம். ஒண்டும் வேணாம். போத்தலை உள்ள வையுங்கோ."

"நெத்தியில என்னடி இருக்கு?" என்று தங்கச்சி கட்டிலிலிருந்து கத்தினாள்.

"உனக்கு அதுக்குள்ளயும் ஒண்டுமில்ல. பேசாமக் கிட."

மாமி போத்தலை உள்ளே வைத்தா. ஒன்றும் பேசவில்லை. அதுதான் எனக்குப் பிழையாகப் பட்டிருக்க வேண்டும், ஏனென்றால் மாமி ஒன்றும் பேசாமல் இருக்கிற ஆளில்லை. கொஞ்ச நேரத்தில் அப்பா வாசலில் வந்து நிற்கிறார் என்று போன் வந்தது. வீட்டிலிருந்து கொண்டுவந்த கஞ்சியை வாங்க நான் இறங்கினேன். அம்மா குளியலறைக்குப் போனா. வாசலில் வழக்கம்போல, எங்கள் ஊர்த் தெருவில் மாடு மாதிரித் திரிகிற மான்களில் ஒன்று நின்று யாரோ எறிந்த சோற்றுப் பார்சலின் கடதாசியைச் சப்பிக்கொண்டிருந்தது. அப்பா இரண்டு வார்த்தை கேட்டார், நான் இரண்டு வார்த்தை சொன்னேன், கஞ்சியோடு திரும்பினேன்.

வாட்டுக்குள் கால் வைத்ததும் மணம் அடித்தது. திரி கருகிய தேங்காயெண்ணெய். பிறந்ததிலிருந்து தங்கச்சியின் மணம் அது. எனக்குத் தவறுமா?

அவள் சரிந்து படுத்திருந்தாள், சட்டை முதுகுக்கு மேல் சுருட்டியிருந்தது. மாமி குனிந்து நின்றா. விரல்கள் மினுங்கின. கண்ணாடிப் பிளாஸ்டரின் கீழ் ஓரம் சுருண்டு தூக்கிக்கொண்டு நிற்க, அதற்கடியில் எண்ணெய் படர்ந்து குழாய் நுழைகிற இடம் வரைக்கும் போயிருந்தது. உள்ளே சின்னச் சின்னக் குமிழிகள்.

"மாமி, என்ன செய்தனீங்கள்?"

"ஒண்டுமில்ல. ஓரத்தில கொஞ்சம்."

"ஓரத்திலயோ? கழட்டியெல்லோ வைச்சிருக்கிறீங்கள்!"

"அது தானா எழும்பி நிண்டது. புண் இருக்கிற இடத்தில பட்டாத்தானே குணமாகும். தூரத்தில தடவி என்ன பிரயோசனம்?" சொல்லிக்கொண்டே பெருவிரலால் பிளாஸ்டரை அமத்தினா. அது எண்ணெயில் வழுக்கித் திரும்ப எழும்பியது. "இந்தா, ஒட்டுது பார்," என்றா. ஒட்டவில்லை. திரும்ப அமத்தினா.

"கையை எடுங்கோ!"

பக்கத்துக் கட்டில் உம்மா எழும்பி நின்றுவிட்டா. அம்மா ஓடிவந்தா. ஒரு பார்வையில் அம்மாவுக்கு எல்லாம் விளங்கியது. அம்மா செய்த முதல் வேலை என் வாயைப் பொத்தியது.

"சத்தம் போடாத. மிஸ்ஸிக்குக் கேக்கும்."

நான் கையைத் தட்டிவிட்டேன். "கேக்கத்தானே வேணும். நான் போய்ச் சொல்லப் போறன்."

"விசரே உனக்கு? நாளைக்கு எடுக்கிறம் எண்டுதானே டொக்டர் சொன்னவ. துடைச்சுப்போட்டுப் புதுசா ஒரு பிளாஸ்டர் கேட்டு ஒட்டுவம். வேர்த்துக் கழண்டது எண்டு சொல்லுவம்."

"அம்மா, எண்ணெய் உள்ளுக்குப் போயிருக்கு."

"மாமிக்கு முன்னால வைச்சு இப்பிடிக் கதைக்காத. அப்பாட அக்கா அவ."

இவ்வளவு நேரமும் பேசாமல் கிடந்த தங்கச்சி என் சட்டை நுனியைப் பிடித்தாள். சிணுங்கவில்லை. அவளின் குரல் அவ்வளவு தாழ்ந்து நான் கேட்டதில்லை.

"சொல்லாத அக்கா."

"ஏன்?"

"சொன்னா ரியூப்பை எடுத்துப்போடுவினம். எடுத்தா நோகும்." கண்ணில் தண்ணீர் நிறைந்து நின்றது. "இரவு மட்டும். நாளைக்கு எடுக்கட்டும். பிளீஸ் அக்கா. இரவு மட்டும்."

மாமி சொன்னதை எதிர்க்கலாம். அம்மா சொன்னதையும் எதிர்க்கலாம். அது எனக்குக் கை வந்த வேலை. இது அப்படியில்லை. இந்த வாட்டில் இருக்கிற எல்லாரிலும் அந்தக் குழாயை இழந்தால் நோகப்போகிறவள் இவள் ஒருத்திதான். நோகாது என்று அவள் நம்பிய ஒரே ஒரு முறை இது. அதை என் வாயால் முடித்துவைக்க வேண்டும். 'காலில பெலன் போகலாம்' என்று டொக்டர் சொன்னது மட்டும் என்னிடம் இருந்தது. அதுவும் மிச்சம் மிச்சம் அரிது என்றுதான் சொன்னார். ஒன்றும் நடக்காமலே போகலாம். பெரும்பாலும் நடக்காமலேதான் போகும். ஆனால் அந்தக் காலை வைத்து நான் பந்தயம் கட்டுவேனா?

அவளின் விரல்களைச் சட்டையிலிருந்து எடுத்தேன்.

"என்னைக் காட்டிக்குடுக்கப் போறாய், என்ன?" என்றா மாமி.

"உங்களையில்ல மாமி. எண்ணெயை."

மிஸ்ஸி வந்து பார்த்தா. ஏசவில்லை, அது இன்னும் பயமாக இருந்தது. டொக்டருக்குச் சொன்னா. டொக்டர் வந்து கையுறை போட்டு, குனிந்து, நெடுநேரம் பார்த்தார்.

"யார் செய்த?"

அம்மா நிலத்தைப் பார்த்தா. நான் வாயைத் திறக்க முதல் மாமி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னுக்கு வந்தா. "நான்தான். மாதா எண்ணெய். இந்தப் பிள்ளை பிறந்த நாளிலயிருந்து நான்தான் தடவுறன்." டொக்டரின் முகத்துக்கு நேரே போத்தலை நீட்டினா. அவவும் லேசுப்பட்ட ஆளில்லை. எனக்கு வாய் எங்கிருந்து வந்தது என்று கேட்கிறவர்கள் அந்தப் பக்கம் பார்க்கலாம்.

டொக்டர் போத்தலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். "கோயில் விளக்கில எடுத்ததா?"

"ஓம்."

"எல்லாரும் அதில விரல் வச்சு எடுக்கிறதா?"

"ஓம். எல்லாருக்கும் பொது."

"அதுதான் பிரச்சினை அம்மா," என்று போத்தலைக் கவனமாகத் திருப்பிக் கொடுத்தார். "எல்லார்ட விரலும் இப்ப இவட முதுகில."

"துப்புரவாக்கித் திரும்ப ஒட்ட ஏலாதோ டொக்டர்?" என்று கேட்டேன். எனக்காகக் கேட்கவில்லை.

"சில நேரம் செய்வம். இண்டைக்கு மாட்டன். ஓட்டைக்கு மேலயே எண்ணெய் நிக்குது. நாளைக்கு எடுக்க இருந்த ரியூப். ஒரு நாளுக்காக இந்த முதுகை வச்சு நான் விளையாட மாட்டன்."

எடுப்பதில் ஒன்றுமில்லை. வழுக்கிக்கொண்டு வந்தது. நுனி முழுசாக இருக்கிறதா என்று பார்த்தார், அந்த இடத்தைத் துடைத்தார், மூடினார். வேறு மருந்துகள் தொடங்கினார்கள். மிஸ்ஸி பெட்டியைக் கழற்றிக்கொண்டு போவதைத் தங்கச்சி தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

பின்னேரம் மரத்த கால் விழித்துக்கொண்டது. முதலில் குதிக்கால், பிறகு முழங்கால், பிறகு தொடை. மருந்து போய்க்கொண்டுதான் இருந்தது. இல்லாவிட்டால் இன்னும் மோசமாக இருந்திருக்கும் என்று மிஸ்ஸி சொன்னா. ஆனால் ஒன்றுமே நோகாமல் கிடந்தவளுக்குக் கொஞ்சம் நோவதும் மலைதான். பெட்சீற்றைக் கடித்தாள். துறைமுகத்தில் ஏதோ கப்பல் ஊதியது. அந்தச் சத்தத்துக்குள் தன் சத்தத்தை ஒளித்துக் கத்தினாள். நான் கையை நீட்டினேன். தட்டிவிட்டாள்.

"உன்னாலதான். போ."

பிறகு கையை மற்றப் பக்கம் நீட்டினாள். மாமியின் கை. அந்த எண்ணெய் மணக்கிற கையைப் பிடித்துக்கொண்டுதான் அழுதாள். மாமி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை எழுதிக் காட்ட எனக்கு ஏலாது. நான் கதிரையை விட்டு எழும்பவில்லை. போ என்றால் போகிற ஆளா நான்?

வீட்டுக்கு விடும்போது டொக்டர் சொன்னார்: காய்ச்சல், முதுகு நோ, சிவப்பு, சீழ், கால் பெலன் குறைவது, எது வந்தாலும் யோசிக்காமல் கொண்டு வாங்க. ஆகவே ஒவ்வொரு காலையும் வெயில் விழுகிற குசினி வாசலில் அவளை ஊன்றுகோலோடு நிறுத்தி முதுகைப் பார்த்தேன். விரலை ஆட்டு என்றேன். அவள் என்னோடு கதைப்பதில்லை. பொலிஸ் சோதனைக்கு நிற்பவள் மாதிரிச் சட்டையைத் தூக்கிக் காட்டுவாள், விரலை ஆட்டுவாள், போய்விடுவாள்.

ஒன்றும் வரவில்லை. காய்ச்சல் இல்லை, சிவப்பு இல்லை.

அங்கேதான் எனக்கு விசர் பிடித்தது. பார்க்க வந்தவர்கள் ஒவ்வொருவராகச் சொல்லிவிட்டுப் போனார்கள்: "பாத்தியோ, ஒண்டும் வரேல்லையே. மாதா எண்ணெய்தான் காப்பாத்தினது. இவள்தான் சும்மா பிள்ளையைத் துடிக்க விட்டவள்." என்ன சொல்வது? வராமல் போன ஒன்றைத் தட்டில் வைத்து நீட்ட ஏலுமா? குழாயை எடுத்ததால் வரவில்லையா, எடுக்காவிட்டாலும் வந்திராதா, யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. தெரியாத இடத்தில் காலின் பக்கம் நின்றேன். வேறு ஒருவரிடமும் நான் கணக்குக் கொடுக்கத் தேவையில்லை. மாமி எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்தினா. கருவாடு வருவதும் நின்றது. அப்பா மட்டும் சாப்பாட்டு நேரத்தில் பெருமூச்சு விட்டார்.

ஒருநாள் சட்டையைத் தூக்கிக்கொண்டு நின்றவள் திடீரென்று கேட்டாள். "அங்க என்னதான் இருக்கு?"

"ஒரு புள்ளி."

"படம் எடுத்துக் காட்டு."

போனில் எடுத்துக் காட்டினேன். இரண்டு விரலால் பெருப்பித்துப் பார்த்தாள். நுளம்பு கடித்த தழும்பு அளவுகூட இல்லை.

"இதுக்கோடி இவ்வளவு கூத்து?"

"இதுக்குத்தான்டி."

"நீ மாமிக்கு ஏன் எண்டு சொல்லவேயில்ல. கத்தினது மட்டும்தான்."

"சொன்னாலும் தடவியிருப்பா."

"எனக்கு டொக்டர் சொன்னவ. நான் தொட்டனானோ?"

ஒன்பது வயதுக்கு அந்த வாய். போனைத் திருப்பி வாங்கினேன். பதில் இருந்தது, ஆனால் அவள் என்னோடு கதைக்கத் தொடங்கியதைக் குழப்ப விரும்பவில்லை.

இடது கால் பொருந்தியது. பெருவிரல் நேரே பார்த்தது. வலது காலுக்கு நாள் குறித்தார்கள். கிளினிக்கில் அதே மயக்க மருந்து டொக்டர். தங்கச்சி உட்காருமுன்பே சொன்னாள்: "எனக்கு ரியூப் வேணும்."

டொக்டர் எங்களைப் பார்த்தார். "இந்த முறை ஊசி மருந்தோட செய்வமா எண்டு யோசிக்கிறன். போன முறை என்ன நடந்த எண்டு தெரியும்தானே."

தங்கச்சியின் முகம் விழுந்தது. ஒரு கணம்தான். பிறகு நிமிர்ந்தாள். "மாமியை நான் பாத்துக்கொள்ளுறன்."

டொக்டர் சிரித்துவிட்டார். "சரி. மாமிய நீங்க பாருங்க. முதுக நான் பாக்கிறன்."

இப்படித்தான் அடுத்த ஞாயிறு குச்சவெளி பஸ்சில் நாங்கள் இரண்டு பேரும் இருந்தோம். மாமி கடற்கரையில் பந்தலுக்குப் பக்கத்தில் மீனைக் கீறி உப்பு வைத்துக்கொண்டிருந்தா. நேராக வைத்த காலோடு மணலில் நடந்து வருகிறவளைப் பார்த்து வாய் திறந்தா. பின்னால் வந்த என்னைக் கண்டதும் மூடினா.

தங்கச்சி போய்ப் பக்கத்தில் குந்தினாள். "மாமி, கீறின இடத்தில உப்பு வைக்காட்டி என்ன நடக்கும்?"

"புழு வைக்கும்."

"கீறாத இடத்தில?"

"அங்க தோல் இருக்குத்தானே. லேசில வைக்காது. இது என்ன கேள்வி?"

"எனக்கு டொக்டர் முதுகில கீறித்தான் ரியூப் விட்டவ. மேல ஒட்டின பிளாஸ்டர்தான் உப்பு. நீங்கள் உப்பைத் தட்டிப்போட்டீங்கள்."

மாமி கத்தியைக் கீழே வைத்தா. "நீ என்ன கருவாடோடி?"

"இல்லத்தானே? அப்ப புழு வைக்க விடாதீங்கோ." பிறகு மெதுவாக, "எனக்கு அந்த ரியூப் வேணும் மாமி. அது இருந்தா நோகாது. நீங்கள் தொடமாட்டன் எண்டு சொன்னாத்தான் டொக்டர் போடுவாவாம்."

மாமி ஒரு பிடி உப்பை அள்ளிக் கீறிய மீனுக்குள் வைத்தா. என்னைப் பார்க்காமல் என்னிடம் கேட்டா. "நெத்தியிலயும் ஏலாதோ?"

நான் வாயைத் திறந்தேன். தங்கச்சி முந்திக்கொண்டாள். "நெத்தியில ரியூப் இல்ல. கை கழுவிட்டுப் போடலாம். அக்கா ஒண்டும் சொல்லமாட்டாள்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. அதை யாரும் தோல்வி என்று எடுக்க வேண்டாம்.

இரண்டாவது முறையும் அவள் கண் விழித்து, காலைப் பார்த்து, "நோகேல்ல" என்றாள். பெட்டி திரும்ப வந்தது. மிஸ்ஸிமார் வந்து முதுகைப் பார்த்துக்கொண்டு போனார்கள். மாமி முதல் நாளே வந்து, கை கழுவி, நெற்றியில் ஒரு சின்னச் சிலுவை போட்டு, போத்தலை மூடிக் கைப்பைக்குள் வைத்து, அந்தக் கைப்பையை அப்பாவிடம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டா. பிறகு கட்டிலின் தலைமாட்டில், போன முறை நான் நின்ற அதே இடத்தில், போய் நின்றுகொண்டா. எனக்குக் கதிரைதான் மிஞ்சியது. என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் அந்த எண்ணம் கிடையாது.

குழாய் அதன் நாள் முழுக்க இருந்தது. டொக்டர் தானே நினைத்த நாளில் வந்து எடுத்தார். அதற்கு முதல் நாள் எங்கள் கோயில் பெண்கள் ஒரு கூட்டமாக, செபப் புத்தகமும் இளநீருமாக வாட்டுக்குள் வந்தார்கள். முன்னால் வந்த அன்ரி கையை நீட்டிக்கொண்டு கட்டிலை நெருங்கினா. மாமி குறுக்கே நின்றா.

"கை கழுவிட்டு வாங்கோ எல்லாரும். முதுகுப் பக்கம் ஒருத்தரும் போகப்படாது."

"நாங்கள் என்ன வெளியாக்களோ?" என்று அன்ரி கேட்டா.

மாமி தாடையால் என்னைக் காட்டினா. "நான் என்ன வெளியாளோ? அந்தா இருக்கிறாள் பாருங்கோ. சொந்த மாமியையே காட்டிக்குடுத்தவள். உங்களை விடுவாள் எண்டு நினைக்கிறீங்களோ?"

பெண்கள் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஒருவர் பின் ஒருவராகப் பைப்படிக்குப் போனார்கள்.